வலது பக்கத்துக் காலியிடம்

நகரக் குடியிருப்புப் பதிவகத்தின் இயக்குநருக்குப் புதிய கணினித் திரை ஒன்று வந்தது. இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம். வேறு யாரையும் நொந்துகொள்வதில் பயனில்லை.

பழைய திரை சின்னது. குடியிருப்போர் பட்டியலை அதில் திறந்தால், ஆளுக்கொரு வரியாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிறைந்திருக்கும். கொஞ்சம் நீளமான பெயர்கள் தாமாகவே மடிந்து கீழே இறங்கும். இயக்குநருக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. நிர்வாகம் நிறைவாக நடக்கிறது என்ற எண்ணமே அவருக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது. புதிய திரையோ கதவளவு அகலம். அதே பட்டியலை அதில் திறந்தபோது எழுத்தெல்லாம் இடது பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நிற்க, வலது பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கூட்டம் போட்டார்.

“இத்தனை வருஷமா நம்ம ஆபீஸ்ல பாதி இடம் காலியாக் கிடந்திருக்கு, ஒருத்தர் கண்ணுலயும் படலை. ஒரு வரின்னா எழுபதாவது எழுத்து வரைக்கும் போகணும். இருபத்தஞ்சுலயே நின்னுட்டா என்ன அர்த்தம்? காலையில வேலைக்கு வந்துட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்புற ஆள் மாதிரி இருக்கு. அதை என்னால சகிச்சுக்க முடியாது,” என்றார். சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டு. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

திட்டத்துக்குப் பத்தி நிரப்புத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஏன் எழுபது என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுபதுக்கு மேல், எண்பதுக்குக் கீழ் என்று அலுவலகக் குறிப்பில் விளக்கம் இருந்தது.

பட்டியலைப் பார்த்துக்கொள்பவர் ஒரு கணினி ஆபரேட்டர். முப்பது வயதுப் பெண், வேலையில் கெட்டி. மறுநாள் அவர் இயக்குநரின் அறைக்குப் போய் ஒரு விஷயத்தைச் சொன்னார். வரிகளை எழுபது எழுத்துக்கு நிரப்பச் சொன்னால், பட்டியலைத் திறக்கும் எடிட்டர் என்ற மென்பொருள் ஒரு வரி குறையாக நிற்பதைப் பார்த்தவுடன் கீழ் வரியிலிருந்து சொற்களை மேலே இழுத்துக்கொள்ளும். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரிய ஒரே அடையாளம்தான் உண்டு: நடுவில் ஒரு வெற்று வரி. பட்டியலில் வெற்று வரியே கிடையாது. ஆகவே பதினோராயிரம் பேரும் ஒரே பத்தியாகிவிடுவார்கள்.

“எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணினா திரை நிறைஞ்ச மாதிரி தெரியும் சார். ஃபைலைத் தொடவே வேணாம்,” என்றார்.

“நிறைஞ்ச மாதிரியா? நான் வேஷம் போடுறதுக்கு இங்க உட்காரலைம்மா. நிஜமாவே நிரப்புங்க. பதினோராயிரம் பேரும் ஒரே பத்தியா வந்தா நகரமே ஒத்துமையா இருக்குன்னு அர்த்தம். அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

ஆபரேட்டர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் வலது ஓரம் கத்தரியால் வெட்டின மாதிரி நேராக நின்றது. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. அறுபது வருஷமாக அந்தப் பதிவகத்தில் ஒரு வரி என்றால் ஒரு வீடு. விதிப்புத்தகத்தின் முதல் விதியே அதுதான். அதை யாரும் மாற்றவில்லை.

இதெல்லாம் நடந்தபோது பேருந்துப் பணிமனையின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு தையல்காரர் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தாறு. கிழிந்த உறைகள் காலையில் வந்து வாசலில் குவியும். தைத்த உறைகளை மாலையில் யாரோ அள்ளிக்கொண்டு போவார்கள். கொண்டுவருகிறவரோடும் எடுத்துப் போகிறவரோடும் அவர் நாலு வார்த்தை பேசி வருஷக்கணக்காகிறது. ஊரில் பாதிப் பேர் தினமும் தம் தையல்மேல் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் தம்பியுமாக இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அக்கா இறந்துபோனதும் பதிவகம் அவரை ஒற்றையாள் கட்டிடத்துக்கு மாற்றியது. நான்காம் மாடி, கடைசி அறை, எண் பதினேழு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. அந்த அறையை அவர் அங்குலம் அங்குலமாகச் சரிசெய்து வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கீழே அக்காவின் தையல் மெஷின், அதன் அளவுக்கு அடித்த பலகை, மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே சரியாக ஒரு ஆள் திரும்பும் இடம். அந்த மெஷினில் இப்படி வெளிச்சம் விழுகிற மாதிரி வேறெங்கும் வைக்க முடியாது என்று நினைத்தார். அந்த அறையும் மெஷினும் போனால் தமக்கென்று உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மாலை நோட்டீஸ் வந்தது. அவருடைய வரியில் மூவர் இருப்பதாகவும், ஒற்றையாள் அறையில் மூவர் குடியிருப்பது விதிமீறல் என்றும், நான்கு மாதத்துக்குள் அறையைக் காலிசெய்து மூவரும் ஊர் எல்லையில் உள்ள குடும்பக் கட்டிடத்துக்கு மாறவேண்டும் என்றும் அதில் இருந்தது. கீழே மூவரின் விவரம். முதலாமவர்: பெயர் இல்லை, வயது நாற்பத்தொன்று. இரண்டாமவர் அவரே. மூன்றாமவராக, அவர் கேள்விப்பட்டே இராத ஒரு பெண்ணின் பெயர், வயது இல்லை.

மூன்று தடவை படித்தார். பிறகு, தம்மைத் தாமே நொந்துகொண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் வரியில் உள்ளவர்களைப் பதிவகம் சந்திக்கும் நாள். லீவு சொல்லிவிட்டுப் போனார். ஆபரேட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்க ஐயா, இந்த நாப்பத்தொண்ணு உங்க பக்கத்து ரூம் லாரி டிரைவர். அவர் பேர் மேல் வரியிலேயே நின்னுடுச்சு. வயசு மட்டும் இறங்கி உங்ககிட்ட வந்திருக்கு. அந்தப் பக்கம் இருக்கறது அடுத்த கட்டிடத்துல முதல் ரூம். அவங்க பேர் உங்க வரியில, வயசு கீழ் வரியில.”

லாரி டிரைவர் மாதத்தில் நாலைந்து நாள்தான் அறையில் இருப்பார். மூன்று வருஷத்தில் தையல்காரர் அறிந்ததெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அவர் இருமலைத்தான். அவருக்கு நாற்பத்தொரு வயது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பழையபடி ஆக்க முடியாதாம்மா?”

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரே அமுக்குல சரியாயிருக்கும். இப்ப சேவ் பண்ணி, மூடி, மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு. உங்களை மட்டும் நான் என்டர் தட்டிப் பிரிச்சு விட்டாலும் வெள்ளிக்கிழமை மறுபடி ஒட்டிக்கும். வாரா வாரம் நிரப்புறோம்.” சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “பெரியவரைப் பாருங்க,” என்றார்.

பெரியவர் என்ற இயக்குநர் தையல்காரரை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர்தான், யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார்.

“உங்க பழைய வரியை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு எழுத்து. மிச்சம் நாப்பத்தினாலு எழுத்துக்கு வெறும் காலியிடம். அதை நினைச்சா உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

தையல்காரர் யோசித்தார். வருத்தமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அதை இப்படி எழுத்தெண்ணிச் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியாது.

“இப்ப உங்க வரி அறுபத்தொன்பது எழுத்து. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒரு தனியாளுக்கு இந்த ஆபீஸ் இதுக்கு மேல என்ன செய்ய முடியும், சொல்லுங்க.”

“அவங்க யாரும் என்கூட இல்லையே சார்.”

“அது உங்க குடும்ப விவகாரம். அதுல நாங்க தலையிடமாட்டோம்.”

இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவர ஒரு ஆய்வாளரை அனுப்பினார்கள். ஆய்வாளர் அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை, ஒரு பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டார். அவர் எழுதிய அறிக்கையின் நகல் நாலாம் நாள் தபாலில் வந்தது. “சோதனை நேரத்தில் மற்ற இருவரும் வெளியே சென்றிருந்தனர். மூவருக்கும் ஒரே தட்டு என்பதால் குடும்பம் மிகவும் அன்னியோன்னியமானது எனத் தெரிகிறது.” கிளம்பும்போது வாசலில் நின்று, “சின்னவர் வந்தா ஆபீசுக்கு அனுப்பி வைங்க, பேர் பதியணும்,” என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். சின்னவர் என்றால் அந்த நாற்பத்தொரு வயது என்று தையல்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அறைக் கதவு தட்டப்பட்டது. மூன்று வருஷத்தில் ஆய்வாளரைத் தவிர யாரும் அதைத் தட்டியதில்லை. கையில் குடையோடு ஒரு அம்மாள், நாலு மாடி ஏறின மூச்சிரைப்போடு நின்றுகொண்டிருந்தார்.

“நான் இங்கதான் குடியிருக்கேனாம். எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டியலில் அவர் கட்டிடம் அடுத்தது என்றாலும் நிஜத்தில் ஊரின் மறுகோடி. இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். முழங்கால் வலி என்பதால் தரைத்தளத்தில் ஒற்றையாள் அறை வாங்கியிருந்தார். அதைக் காலிசெய்யச் சொல்லி அவருக்கும் நோட்டீஸ்.

“பேர் உங்ககிட்ட இருக்கு, வயசு கீழ் வரி பேக்கரிக்காரர் வீட்டுல இருக்கு. உடம்பு மட்டும்தான் என் ரூம்ல இருக்கு. அதையும் கிளப்பப் பார்க்கறாங்க,” என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

தையல்காரர் இருந்த ஒரே டம்ளரில் அவருக்குத் தேநீர் கொடுத்தார். தமக்கு ஒரு டப்பா மூடியில் ஊற்றிக்கொண்டார். நர்ஸம்மா ஜன்னலடியில் இருந்த மெஷினைப் பார்த்து யாருடையது என்று கேட்டார். அக்காவுடையது, அக்கா இப்போது இல்லை என்றார். என்ன உடம்புக்கு என்று கேட்டார். அதிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் தையல்காரர் பேசினார். அக்கா, ஆஸ்பத்திரி, பணிமனை, ஜன்னலோர இருக்கையின் உறை மட்டும் ஏன் சீக்கிரம் கிழிகிறது என்பதுவரை எல்லாம் சொன்னார். நர்ஸம்மா நடு நடுவே, “சரி தம்பி,” “அப்புறம் தம்பி,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தையல்காரருக்குத் தொண்டை வலித்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் இருவரும் பதிவகத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஒரே வரிக்காரர்கள் ஒரே நாளில்தான் வரவேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. பெஞ்சில் உட்கார்ந்தால் நர்ஸம்மாவுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அந்த அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்.

“அதோ போறாரே உங்க ஆய்வாளர், தலை பெரிசு. அவங்க அம்மாவை ஒன்றரை நாள் படுத்தி எடுத்துட்டார். இப்பவும் அப்படியேதான் இருக்கார்.”

இத்தனை செல்வாக்கினால் அவர்களுக்குக் கிடைத்தது காற்றாடிக்கு நேர் கீழே உட்கார இடம் மட்டும்தான். காரியம் ஒன்றும் நடக்கவில்லை. தனியாகத்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்க, வீட்டுக்கு அடிக்கடி வந்து போகும் இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும் என்றார்கள். அப்படி அடிக்கடி வந்து போகும் இரண்டு பேர் இருந்தால் அவர் எப்படித் தனியாள் ஆவார் என்று அடுத்த கவுண்டரில் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் ஒரே படிவத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, நேரான வலது ஓரத்தோடு அச்சாகியிருந்தன.

குடும்பத்தை மேற்பார்வை பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நர்ஸம்மா அந்த மாதங்களில் ஏழு தடவை அவர் அறைக்கு வந்தார். தையல்காரர் கடைக்குப் போய் இன்னொரு டம்ளர் வாங்கி வைத்தார். தேநீருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்காமலே போடுகிற அளவுக்குப் பழகிவிட்டார். அறை போய்விடுமே என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் திங்கட்கிழமை மாலைகளில் அவர் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் இயக்குநருக்கு இன்னும் பெரிய திரை வந்தது. எழுபது எழுத்து அதில் முக்கால் பங்குகூட எட்டவில்லை. தொண்ணூறு என்று உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை நிரப்பினார்கள். நகரம் முழுக்க ஆட்கள் இடம் மாறினார்கள். ஒரே வரியில் இருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு வீடாகிப்போனார்கள் என்றும், அவர்களில் சிலர் அதற்காக இயக்குநருக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள் என்றும் பேச்சு. நர்ஸம்மா மொத்தமாகக் கீழ் வரிக்குப் போய்விட்டார். அந்த வரிக்கு வியாழக்கிழமை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். காற்றாடிக்கு நேர் கீழ் இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு மணிவரை அங்கேயே இருந்தார். அவருக்கு அன்று எந்தக் கவுண்டரிலும் வேலை இல்லை. நர்ஸம்மாவின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. ஒரு தடவை அழுத்திவிட்டு, எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். அவர்களுக்குள் பேச விஷயம் என்று இருந்ததெல்லாம் அந்த வரிதான். அது போனபின் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அக்கா போனபோது இருந்த அதே வெறுமை மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இந்த வயதில் ஒரு ஆபீஸ் பெஞ்சுக்காக இப்படி ஏங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. தொண்ணூறு எழுத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திரும்பித் திரும்பிப் படித்ததில் இயக்குநருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். மனிதக் கழுத்தின் நலன் கருதி மீண்டும் எழுபது என்று சுற்றறிக்கை வந்தது. நிரப்பினார்கள். செவ்வாய்க்கிழமை தையல்காரர் படியேறும்போதே காற்றாடிக்குக் கீழே குடை தெரிந்தது.

“வாங்க தம்பி. சுத்திச் சுத்தி நம்ம வீட்டுக்கே வந்துட்டேன்,” என்றார் நர்ஸம்மா.

அன்றைக்குத் தையல்காரருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. வீடு திரும்பும் வழியில், தாம் சாப்பிட மறந்ததையே மறந்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. அந்த வாரக் கடைசியில் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறி ஊர் எல்லையில் இருந்த குடும்பக் கட்டிடத்தைப் போய்ப் பார்த்தார். கையில் அளவு நாடா. தரைத்தளத்தில் மூன்று அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. கிழக்குப் பக்க ஜன்னலுக்குக் கீழே நாடாவை நீட்டிப் பிடித்தார். மெஷின் தாராளமாக அடங்கும். வெளிச்சம் தண்ணீர்த் தொட்டி மறைக்காமல் முழுசாக விழுந்தது. படி ஏறவேண்டியதில்லை, நர்ஸம்மாவின் முழங்காலுக்கும் தொந்தரவில்லை. டிரைவர் எப்படியும் ஊரில் இருக்கப்போவதில்லை. நாலு மாதமாக எந்த அறைக்காக அலைந்தாரோ அதை விட்டுவிடலாம் என்று முதல் தடவையாக நினைத்தார். நர்ஸம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கொட்டகையில் மெஷின் சத்தத்துக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். “நர்ஸம்மா, அங்க கீழ்த்தளத்துலயும் வீடு இருக்கு. ஒரு நடை பார்த்துட்டு வரலாமா?” இவ்வளவுதான். இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று முடிவு செய்தார்.

நோட்டீஸ் கெடு முடிய ஆறு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் வாய் திறப்பதற்குள் ஆபரேட்டர் கவுண்டரிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு.

“வழி கண்டுபிடிச்சுட்டேன் ஐயா. உங்க வரிக்கு மேல ஒரு வெற்று வரி, கீழ ஒரு வெற்று வரி. அப்படி விட்டுட்டா எடிட்டர் உங்களைத் தனிப் பத்தியா எடுத்துக்கும். எத்தனை வெள்ளிக்கிழமை நிரப்பினாலும் உங்களை ஒண்ணும் பண்ணாது. நர்ஸம்மாவுக்கும் அதே மாதிரி. பெரியவர்கிட்ட ரெண்டு மாசமா மன்றாடி இன்னைக்குத்தான் சம்மதம் வாங்கினேன்.”

“அப்பாடா,” என்றார் நர்ஸம்மா. “நல்லாயிரும்மா. எப்ப குடுப்பாங்க?”

கொடுப்பதற்கு முன் இயக்குநர் இருவரையும் உள்ளே அழைத்தார். கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் உடம்போடு சேர்ந்து திரும்பித்தான் பேசினார்.

“வெற்று வரின்னா முழுசா எழுபது எழுத்து நஷ்டம். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து இருநூத்தி எண்பது. என் மனசு கேக்கலை. இருந்தாலும் மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல? அதனால இதை ஒரு கௌரவமாத்தான் குடுக்கறோம். யாருமே இல்லாதவங்களுக்கு மட்டும். ஒருத்தராவது இருந்தா அவரோட போய் ஒட்டிக்க வேண்டியதுதானே? எதுக்குக் காலியிடம்? அதனால உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர், உங்களுக்கு யாரும் இல்லைன்னு தன் கையால எழுதிக் குடுக்கணும். இந்த விஷயத்துல எங்களை யாரும் ஏமாத்திடக் கூடாது பாருங்க.”

வெளியே வந்ததும் ஆபரேட்டர் இரண்டு படிவங்களை நீட்டினார். “ஒருத்தருக்கு ஒருத்தர் எழுதிக்குங்க. உங்களை விட்டா வேற யாரு இருக்கா?”

கவுண்டர் பலகையில் வைத்துத் தையல்காரர் முதலில் நர்ஸம்மாவுக்கு எழுதினார். என்ன எழுதவேண்டும் என்று ஆபரேட்டர் சொல்லச் சொல்ல எழுதினார். இவருக்கு யாரும் இல்லை. இவரைத் தேடி யாரும் வருவதில்லை. பேனா அங்கே நின்றது.

“உங்களுக்குத்தான் தினம் நாலு பேர் வர்றாங்களே நர்ஸம்மா. பிள்ளையைத் தூக்கிட்டு வந்து காட்டுறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

நர்ஸம்மா வாய்விட்டுச் சிரித்தார். “இது மட்டும் என் கட்டிடத்துக்காரங்க கண்ணுல பட்டுச்சோ, என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. எழுதுங்க தம்பி, ஃபாரம்தானே.” ஆபரேட்டரும் சிரித்தார். தையல்காரரும் சிரித்தபடி எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நர்ஸம்மா மற்றப் படிவத்தை இழுத்துக்கொண்டார். அவருக்கு ஆபரேட்டர் சொல்லவேண்டியிருக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் படிவம் எழுதின கை. தையல்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். குடும்பக் கட்டிடத்து ஜன்னலைப் பற்றி அவர் சொல்லச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை இன்னும் சொல்லவில்லை. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியை எழுதும்போது நர்ஸம்மா நிறுத்துவார், நான் வருகிறேனே, ஏழு தடவை வந்திருக்கிறேனே என்று சிரிப்பார் என்று காத்திருந்தார். சிரித்தால் போதும், அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

நர்ஸம்மா நிறுத்தவில்லை. இவரைத் தேடி யாரும் வருவதில்லை என்று ஒரே மூச்சில் எழுதி, நேரில் அறிவேன் என்று முடித்து, உறவு என்ற இடத்தில் இல்லை என்று போட்டு, கையெழுத்தும் போட்டார். இதில் சிரிக்க ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

“சரியா எழுதியிருக்கேனா, ஒரு தடவை படிச்சுப் பாருங்க தம்பி.”

தையல்காரர் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். நல்ல கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

“சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லி, கவுண்டரில் கொடுத்தார்.